ஓவர் கொடுக்காத ஃபைல்

இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவுக்கு நின்றால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "என்ன தாயி, இன்னும் போகலையா?" எங்கே என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் நர்ஸ் படித்த பெண் போவதற்கு ஒரே திசைதான், வெளிநாடு. முதல் வருஷம் "அப்ளை பண்ணியிருக்கேன் சித்தப்பா" என்றேன். அடுத்த வருஷம் "பேப்பர் போயிருக்கு" என்றேன். அதற்கப்புறம் சும்மா சிரித்துவைக்க ஆரம்பித்தேன்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்கிளெக்ஸ் பரீட்சைக்கு நான் உட்கார்ந்து படித்தது நாலு மாசம். பரீட்சை எழுதியது இரண்டரை மணி நேரம். "நீ எழுதலாம்" என்று ஒரு மெயில் வருவதற்கு ஆனது பத்தொன்பது மாசம். 2023 ஆடியில் ஆரம்பித்தேன், 2025 மாசியில் மெயில் வந்தது.

ஜூனியர் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஒரு விஷயம். நான் படித்த கல்லூரி, பல்கலைக்கழகம், பதிவு செய்த கவுன்சில், ஆவணங்களைச் சரிபார்த்த நிறுவனம், எதன் பெயரும் இதில் வராது. படித்தது தமிழ்நாட்டுக்கு வெளியே; அதற்கு மேல் கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் லஞ்சம் கேட்கவில்லை, கத்தவில்லை. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். அப்படியும் பத்தொன்பது மாசம் ஆனது எப்படி என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

தெரியாதவர்களுக்காக

என்கிளெக்ஸ் ஆர்.என். என்பது அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக உரிமம் வாங்க எழுதும் பரீட்சை. 1994-லிருந்து கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. நாம் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் அது அடுத்த கேள்வியை எடுக்கும். 2023 ஏப்ரலில் கேள்வி முறையை மாற்றினார்கள். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். கனடாவும் 2015-லிருந்து இதே பரீட்சையைத்தான் வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2020-லிருந்து வெளிநாட்டில் படித்த நர்ஸ்களில் பலர் இதை எழுதிவிட்டுத்தான் அடுத்த கட்டமான செய்முறைத் தேர்வுக்குப் போக முடியும். ஆக இந்த ஒரு பரீட்சைக்கு மூன்று நாட்டுக் கதவு உண்டு. நம் பிள்ளைகள் இதைத் துரத்துவதற்கு அதுதான் காரணம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நர்சிங் வாரியம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். நாம் யார், என்ன படித்தோம் என்று அந்த வாரியத்துக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டும். முக்கியமான சாட்சி இரண்டு. ஒன்று, கல்லூரியும் பல்கலைக்கழகமும் தருகிற டிரான்ஸ்கிரிப்ட். வெறும் மார்க் போதாது. குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் என்று பாடம் பாடமாக வகுப்பில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதித் தர வேண்டும். இன்னொன்று, நாம் பதிவு செய்த கவுன்சில் "இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை" என்று தருகிற உறுதிக் கடிதம். பல வாரியங்கள் இவற்றை நேரடியாக வாங்குவதில்லை. நடுவில் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் விட்டுவிடுகின்றன. 1977-லிருந்து இந்த வேலையைச் செய்யும் சி.ஜி.எஃப்.என்.எஸ்., 2025-லிருந்து ட்ரூமெரிட் என்ற புதுப் பெயரில் இருக்கிறது. வேறு நிறுவனங்களும் உண்டு.

இதில் ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்தக் காகிதங்களை நாம் அனுப்பக் கூடாது. மார்க் ஷீட் என் பீரோவில் லேமினேஷன் போட்டு இருக்கிறது, பிரயோஜனம் இல்லை. கல்லூரி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே முத்திரை குத்தி, தானே அனுப்ப வேண்டும். கவுன்சிலும் அப்படித்தான்.

இந்த விதியின் மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு. அப்போதுதான் 2023 ஜனவரியில் வந்த ஒரு செய்தியைப் படித்தேன். ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைக் காசுக்கு விற்றிருக்கின்றன. அமெரிக்க விசாரணை அமைப்புகள் அந்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்று பெயர் வைத்தன. வாங்கியவர்களில் பலர் இதே என்கிளெக்ஸை எழுதிப் பாஸும் ஆகியிருந்தார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி பக்கத்தில் அப்படி ஒருவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நர்ஸ்களுக்குப் பதிவேடு வேண்டும் என்று நம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே சட்டம் போட்டதும் இந்தப் பயத்தில்தான் இருக்கும். சரி, விதி நியாயமானதுதான். அந்த நியாயமான விதிக்குக் கீழே என் காகிதம் எங்கே படுத்துத் தூங்கியது என்பதுதான் கதை.

சரக்கு வீட்டில், பேப்பர் ரோட்டில்

அப்பா சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர். பேண்டேஜ் துணித் தறி. வெளியூர்க்காரர்களுக்கு இராஜபாளையம் என்றால் நாய் ஞாபகம் வரும், இல்லையென்றால் ஸ்பின்னிங் மில். பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஊரே காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறது. காஸ், பேண்டேஜ் எல்லாம் அங்கிருந்து கப்பலேறிப் போகிறது. நான் போக ஆசைப்படுகிற ஆஸ்பத்திரிகளுக்கு அப்பா ஓட்டிய துணி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது என் காகிதம் போக வேண்டிய வழியை அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க பேல் லாரியில போறப்ப சலான், பில்லு எல்லாம் அதே லாரியிலதான் போவும். உனக்கு சரக்கு வீட்டுல இருக்கு, பேப்பர் மட்டும் ரோட்டுல போவுது. அதுகூட யார் போறா?" என்றார்.

யாரும் போகவில்லை. அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

முதலில் டிடி கதை. டிரான்ஸ்கிரிப்ட் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் டிமாண்ட் டிராஃப்டாகத்தான் கேட்டது. ஆகஸ்டில் எடுத்து, படிவங்களோடு கல்லூரிக்கு அனுப்பினேன். கல்லூரி அதில் கையெழுத்துப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை போன் செய்தேன். அங்கத்து மொழியில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சார் சீட்ல இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

மணி பத்தே முக்கால்.

டிசம்பரில் ஒரு கவர் வந்தது. பிரித்தால் உள்ளே என் டிடி. காலாவதி. டிடிக்கு ஆயுள் மூன்று மாசம்தான். கல்லூரி மேசையில் அது படுத்திருந்த காலமே மூன்று மாசத்தைத் தாண்டிவிட்டது. பேங்கில் பழையதைக் கொடுத்துப் பணத்தை வாங்கி, புது டிடி எடுத்து, 2024 பொங்கல் முடிந்து மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் அக்காவைப் பிடித்து, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கு மேசை நடக்கச் சொன்னேன். இரண்டே நாளில் முடிந்தது. நாலு மாசம் தூங்கிய அதே காகிதம், ஒரு ஆள் கூடவே போனதும் இரண்டே நாள்.

அப்பா பெயர் எங்கே போகும்?

மார்ச் மாசம் மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து மெயில். டிரான்ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது, ஆனால் அதில் இருக்கும் ஆள் நீங்கள்தானா என்று தெரியவில்லை என்றது.

என் பெயர் லட்சுமி, அப்பா பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்ளுங்கள். (இரண்டும் இல்லை.) பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் லட்சுமி எஸ். கவுன்சில் பதிவில் எஸ். லட்சுமி. வெளிமாநிலக் கல்லூரிக்காரர்கள் இனிஷியலை விரித்து சுப்பையா லட்சுமி ஆக்கிவிட்டார்கள். ஆதாரில் லட்சுமி சுப்பையா. பாஸ்போர்ட்டில் லட்சுமி மட்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்கப் படிவத்திலோ கடைசிப் பெயர்க் கட்டத்தின் மேல் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது. நான் என்ன செய்தேன்? 'எஸ்' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். ஆறு காகிதத்தில் ஐந்து பெண்கள்.

நமக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதி வால் வேண்டாம் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாடு இது. வால் போன பிறகு அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் முன்னால் நிற்கிறது. நமக்கு அது போதும். எங்கள் ஊருக்குள்ளேயே இனிஷியல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி. எஸ். குமாரசாமி ராஜா இராஜபாளையத்துக்காரர்தான். அவருடைய 'பி' பூசபாடி என்ற வம்சப் பெயர். என்னுடைய 'எஸ்' அப்பா பெயர். இந்த வித்தியாசமெல்லாம் ஒரு அமெரிக்கக் கட்டத்துக்குத் தெரியுமா? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சிட்டுவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா விசாவே இல்லை என்றது. பரீட்சை ஹாலிலும் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலோடு சரி.

மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்து, சுப்பையாவைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்கினேன். நான் பயந்த அளவுக்கு இல்லை, சீக்கிரமே வந்துவிட்டது. அப்புறம் எல்லாப் பெயர்களும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். விருதுநகர் பெயரில் மாவட்டம் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். நோட்டரி வக்கீல்களும் அங்கேதான். டைப் அடித்த அண்ணன் என் காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நர்ஸா? வெளிநாடா? குடுங்க. இனிஷியல் கேஸ் வாரத்துக்கு ரெண்டு வருது" என்று பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினார்.

வந்ததுதான் வந்தோம் என்று கோயிலுக்குப் போனேன். ஆண்டாள் கையில் அன்றைக்குக் கட்டிய இலைக்கிளி பச்சை வாடாமல் இருந்தது. தினமும் புதிதாகக் கட்டுவார்கள். அந்த அம்மா வேங்கடத்துக்கு மேகத்தைத் தூது விட்டவள். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவளுக்கு டிராக்கிங் நம்பர் கிடையாது. எனக்கு இருந்தது. ஸ்பீட் போஸ்ட் இணையதளத்தில் "டெலிவர்டு" என்று காட்டியது. கவுன்சிலில் கேட்டால் "வரலையே" என்றார்கள்.

பத்து ரூபாய் கேள்வி

கவுன்சில் உறுதிக் கடிதத்துக்கான விண்ணப்பம் அது. ஏப்ரலில் போய்ச் சேர்ந்ததாகத் தபால் துறை சொல்கிறது. ஜூன் வரை யாருக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை. நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் பத்து மணிக்குப் போன் செய்வேன். ஒவ்வொரு தடவையும் புதுக் குரல். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வேன்.

கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணன்தான் ஆர்.டி.ஐ. போடச் சொன்னார். தகவல் அறியும் உரிமை, 2005 சட்டம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். "ஏன் லேட் பண்றீங்கன்னு கேக்காதம்மா. அது கேள்வியே இல்ல, அதுக்குப் பதிலும் வராது. காகிதம் எந்தத் தேதி எந்த மேசைக்குப் போச்சு, இப்ப எந்த மேசையில இருக்கு, அதை மட்டும் கேளு" என்றார்.

இருபத்தாறாவது நாள் பதில் வந்தது. ஒரே பக்கம். தபால் பிரிவுக்கு இன்ன தேதி வந்தது. பதிவுப் பிரிவுக்கு இன்ன தேதி போனது. அங்கே பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் இன்ன தேதி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அதற்குக் கீழே வெறும் காகிதம்.

இதற்குள் இன்னொரு இடி. பரீட்சைக்கான 200 டாலரை நான் 2023 ஆகஸ்டிலேயே கட்டியிருந்தேன். "எல்லாத்தையும் சேர்த்தே பண்ணிரு" என்று ஒரு தோழி சொன்னதைக் கேட்டு. அந்தப் பதிவுக்கு ஆயுள் 365 நாள். அதற்குள் வாரியம் தகுதி சொல்லாவிட்டால் பதிவு போய்விடும், பணமும் போய்விடும். போய்விட்டது. அன்றைய கணக்கில் சுமார் பதினேழாயிரம் ரூபாய். விதி அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று ராத்திரி அம்மா எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறாம் நம்பர் பெட்

நான் வேலை பார்ப்பது மதுரையில் ஒரு ஐ.சி.யு.வில். காலையில் டியூட்டி மாறும்போது நாங்கள் 'ஓவர்' கொடுப்போம். நர்ஸ்களுக்கு இது தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நைட் சிஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டும், காலை சிஸ்டர் வந்துவிட்டாள். இருவரும் பெட் பெட்டாகப் போவார்கள். ஆறாம் நம்பர், ராத்திரி இரண்டு மணிக்கு பிரஷர் இறங்கியது, டாக்டருக்குச் சொன்னேன், இன்ன மருந்து இன்ன அளவில் ஓடுகிறது, எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பையன் வெளியில் இருக்கிறான், ரொம்பப் பயந்திருக்கிறான். அவள் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லும் வரை ஆறாம் நம்பர் என் பொறுப்பு. சொன்ன விநாடியிலிருந்து அவள் பொறுப்பு. நடுவில் ஒரு நிமிஷம்கூட அந்த நோயாளி யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்க மாட்டார்.

ஆர்.டி.ஐ. பதிலை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு ஒரு காலை ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். "என்னடி?" என்றாள் காலை சிஸ்டர்.

அந்த உதவியாளர் மாற்றலாகிப் போனபோது யாருக்கும் ஓவர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் சோம்பேறி இல்லை, அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவரும் சோம்பேறி இல்லை. என் ஃபைல் அவர் மேசைக்கும் இவர் மேசைக்கும் நடுவில், யாருடைய நோயாளியாகவும் இல்லாமல் கிடந்தது. கல்லூரியில் டிடி செத்ததும் அப்படித்தான். சீனியர் அக்கா கையில் எடுத்துக்கொண்டு நடந்த இரண்டு நாளில் அதற்கு ஒரு ஆள் இருந்தது. "அதுகூட யார் போறா?" என்று அப்பா கேட்டது இதைத்தான்.

அன்று சாயங்காலம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நர்ஸ் நோட்ஸ் எழுதுகிற மாதிரியே கோடு போட்டேன். தேதி, மணி, யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள், அடுத்தது என்ன, எப்போது. எழுதாதது நடக்கவில்லை என்றுதானே முதல் வருஷத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நாலு வருஷம் நோயாளிகளுக்கு எழுதினேன், எனக்கு எழுதவில்லை.

அடுத்த போன் கவுன்சிலுக்கு. எடுத்தவர் புதியவர். "என் கடிதம் எங்கே" என்று ஆரம்பிக்கவில்லை. தபால் பிரிவுக்கு வந்த தேதி, பதிவுப் பிரிவுக்கு வந்த தேதி, உள் எண், முன்பு பார்த்தவர் மாறிப்போன தேதி, மிச்சம் இருக்கிற வேலை ஒரு கையெழுத்தும் முத்திரையும்தான் என்று, ஆறாம் நம்பர் பெட்டைச் சொல்கிற மாதிரியே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் சொன்னார்:

"எனக்கு முன்னால இருந்தவர் எதுவும் சொல்லிட்டுப் போகலைம்மா. இந்த பீரோவுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. இருங்க, பேனா எடுக்கிறேன். மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஒன்பதாவது நாள் கடிதம் போனது.

ஜூனியர்களுக்கு என் நோட்டிலிருந்து

முதலில் பெயர். வேறு எதையும் தொடும் முன் பாஸ்போர்ட்டில் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அதே எழுத்துகளில் எல்லாப் படிவத்தையும் நிரப்புங்கள். ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயராகப் போடவே போடாதீர்கள்.

பரீட்சைக் கட்டணத்தைக் கடைசியில் கட்டுங்கள். மதிப்பீட்டு அறிக்கை முடிகிற கட்டத்துக்கு வந்த பிறகு போதும். இந்தியாவில் எழுதுவதற்குத் தனியாக 150 டாலரும் வரியும் உண்டு. இடம் பதிவு செய்யும்போது அதைக் கேட்பார்கள், அதற்கும் ஒதுக்கிவையுங்கள்.

ஆங்கிலத் தேர்வை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஐஎல்ட்ஸ் மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருஷம். என் மாதிரி பத்தொன்பது மாசம் ஆனால் பாதிக்கு மேல் பேப்பரிலேயே கரைந்துவிடும். எந்தக் காகிதத்துக்கு எத்தனை நாள் ஆயுள் என்று ஒரு பக்கத்தில் தனியாக எழுதுங்கள். டிடி மூன்று மாசம், பரீட்சைப் பதிவு 365 நாள். பரீட்சைக்கான அனுமதிக் கடிதத்துக்குப் பெரும்பாலும் 90 நாள்தான். அது வந்தபின் படிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

போன் செய்யும்போது பெயரையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். "எப்ப ஆகும்?" என்று கேட்காதீர்கள். "இப்ப யார் கையில இருக்கு, அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் "அடுத்த வாரம்" என்பார்கள்.

ஆர்.டி.ஐ.யைக் கோபத்தில் எழுதாதீர்கள். பழிவாங்குகிற மாதிரி எழுதினால் பதிலும் அப்படித்தான் வரும். உங்களுக்கு வேண்டியது தேதியும் மேசையும்.

முடிந்தால் ஒரு ஆளைக் கூடவே நடக்க விடுங்கள். சீனியர், சித்தப்பா மகன், யாரானாலும் சரி.

பெங்களூருக்கு அப்புறம்

பெங்களூரில் எழுதினேன். 85-வது கேள்வியில் திரை அணைந்தது. நெஞ்சு படபடத்தது, 85-ல் நின்றால் பாஸாகவும் இருக்கலாம், ஃபெயிலாகவும் இருக்கலாம். பாஸ்.

தெருவில் ஸ்வீட் கொடுத்தோம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சித்தப்பா வாயில் போட்டுக்கொண்டே "அப்போ எப்ப தாயி?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. நர்ஸ்கள் பெரும்பாலும் போகிற இபி-3 குடியேற்ற வரிசையில் இந்தியர்களுக்கு இப்போது கூப்பிடுவது பத்து வருஷத்துக்கும் முன்னால் வரிசையில் நின்றவர்களை. பத்தொன்பது மாசம் எல்லாம் வாசல்படி. அதனால்தான் இப்போது கனடா, ஆஸ்திரேலியா படிவங்களையும் திறந்துவைத்திருக்கிறேன். நோட்டில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டேன்.

அப்பா அதற்கும் ஒன்று சொன்னார். "பாவு பிணைக்கத்தான் நேரமாவும். இழை இழையா முடி போடணும். ஒண்ணு மாறுனா துணி முழுக்கத் தெரியும்." அப்புறம் தறி தானாக ஓடிவிடும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தறியும் தானாக ஓடாது என்பது அவருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு ஜூனியர் வீட்டுக்கு வந்தாள். நான் படித்த அதே கல்லூரி, இப்போதுதான் ஆரம்பிக்கிறாள். அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் நின்று, "அக்கா, இது யாரு நம்பர்? கட்டம் போட்டிருக்கீங்க?" என்றாள்.

பேனா எடுக்கிறேன் என்று சொன்னவருடைய நம்பர்.

"அவரும் இந்நேரம் மாறியிருப்பார். போன் போட்டா முதல்ல அதைத்தான் கேளு" என்றேன்.